நாய்க்குப் போட்ட ஈரல்

போன வருஷம் ஒரு புதன்கிழமை. எங்கள் ஆபீஸில் புதன்கிழமை என்றால் இதழ் முடிக்கிற நாள். கல்யாண வீட்டில் மூன்றாம் பந்தி நடக்கும்போது சமையற்கட்டு எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தங்கச்சி. சித்தப்பா மகள்.

"அண்ணே, ஈரல்ல தண்ணிக்கட்டி இருக்காம். ஏழு சென்டிமீட்டராம். ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துட்டாப் போதும், ஆபரேஷன் எல்லாம் வேண்டாம்கிறாங்க. நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. போயிட்டு வந்துரவா?"

ஆறு மாசமாகவே அவளுக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். வலி என்றுகூடச் சொல்ல முடியாது, யாரோ கையை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது மாதிரி. 'கேஸ்' என்று முடிவு கட்டி ஓமத் தண்ணி குடித்தாள். சுக்குக் கஷாயம் குடித்தாள். நம் ஊரில் நெஞ்சுக்கும் தொப்புளுக்கும் நடுவில் எது வந்தாலும் அதற்கு 'கேஸ்' என்றுதானே பேர்!

நான் பி.காம். படித்தவன். ஈரல் வலப்பக்கம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்கு உறுதியாகத் தெரியும். சின்ன ஊசி, ஒரே நாள், செலவும் கம்மி. "சரி, போயிட்டு வா" என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். பக்கத்து மேஜையில் மருத்துவப் பக்கம் பார்க்கிற நண்பர், புரூஃபிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஈரல் கட்டியை என்னன்னு தெரியாம ஊசியால குத்தக் கூடாது சார். வேற ஒருத்தர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் இன்றுவரை டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மதுரையில் ஒரு ஸ்கேன் அறை. இருட்டு, ஏ.சி., வயிற்றில் தடவும் அந்த ஜில்லென்ற பசை. ஸ்கேன் பார்த்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் டாக்டர். கருவியை இப்படியும் அப்படியும் நகர்த்திக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தினார். திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வீட்டுல நாய் இருக்காம்மா?"

தங்கச்சி என்னைப் பார்த்தாள். வயிற்றில் கட்டி என்று வந்தால் இந்தம்மா நாயைப் பற்றிக் கேட்கிறாரே என்கிற பார்வை.

"இருக்குங்க டாக்டர். ரெண்டு."

"ஆடு?"

"அப்பா கிடை போடுறவரு. செம்மறி. நான் பொறக்குறதுக்கு முன்னாடியிருந்தே."

டாக்டர் தலையை ஆட்டினார். "இது வெறும் தண்ணிக்கட்டி இல்லம்மா. ஹைடாட்டிட்" என்றார்.

எனக்கும் திரையைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஈரல். நடுவில் கறுப்பாக ஒரு வட்டம். சாதாரண நீர்க்கட்டியும் இப்படித்தான் கறுப்பாகத் தெரியுமாம். அது பலருக்கு இருக்கும், ஒன்றும் செய்யாது, வாழ்நாள் முழுக்கத் தெரியாமலேகூடப் போய்விடும். ஆனால், இந்த வட்டத்தின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் கோடு இரண்டாக இருந்தது, இரட்டைக்கரை வேட்டி மாதிரி. "கொஞ்சம் இடது பக்கமாத் திரும்புங்கம்மா" என்றார். தங்கச்சி திரும்பியதும் கறுப்புக்குள் பொடிப்பொடியாக ஏதோ கிளம்பி மெள்ள அடியில் இறங்கியது. ஊருணித் தண்ணீரைக் கலக்கிவிட்டால் வண்டல் இறங்குமே, அந்த மாதிரி.

"இதுக்கு ஹைடாட்டிட் மணல்னு பேரு. மணல் இல்ல. ஒவ்வொரு பொடியும் ஒரு நாடாப்புழுவோட தலை."

முதல் ஸ்கேன் எடுத்தவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வெளியே வரிசையில் ஆள் நிற்கும். உள்ளே கறுப்பு வட்டம் தெரியும். 'நீர்க்கட்டி' என்று எழுதுவார்கள். அவர் பார்த்ததும் இதே வட்டத்தைத்தான். ஆனால், 'நாய் இருக்கா' என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இரட்டைக் கோடு அங்கேயே கண்ணில் பட்டிருக்கும்.

ஹைடாட்டிட் கதையை டாக்டர் சொல்லக் கேட்டபோது, எனக்கு மேஜைக்கு அடியில் கால் நடுங்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கதை.

எக்கினோகாக்கஸ் என்று ஒரு நாடாப்புழு. நாடா என்றதும் முழக்கணக்கில் நினைக்காதீர்கள். மொத்த நீளமே சில மில்லிமீட்டர்தான், ஒரு அரிசி அளவுக்கு மேல் போகாது. நாயின் குடலில் இருக்கும். நாய்க்கு அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. வாலை ஆட்டிக்கொண்டு ஜம்மென்று திரியும். அதன் மலத்தோடு புழுவின் முட்டைகள் வெளியே வரும். கண்ணுக்குத் தெரியாத முட்டைகள். ஈரமும் நிழலும் இருந்தால் மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அந்தப் புல்லை ஆடு மேயும். ஆட்டின் வயிற்றில் முட்டை பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு ஈரலுக்குப் போய்க் கட்டியாக வளரும். அந்த ஆட்டை அறுத்து, ஈரலில் 'தண்ணிப்பை' இருக்கிறதே என்று நாய்க்குத் தூக்கிப் போடுகிறோம். பைக்குள் இருக்கும் ஒவ்வொரு தலையும் நாயின் குடலில் ஒரு புழுவாகிறது. வட்டம் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து.

இந்தக் கணக்கில் மனுஷனுக்கு இடமே கிடையாது. நாம் வழிதவறி நுழைகிறவர்கள். நாயைத் தடவிய கை, கழுவாத கீரை, வாசல் மண்ணில் விளையாடிய குழந்தையின் விரல். ஏதோ ஒரு வழியில் முட்டை வாய்க்குள் போனால், ஆட்டுக்கு நடப்பது நமக்கும் நடக்கும்.

ஏன் ஈரல்? குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் போய்ச் சேருகிற இடம் அது. வருகிற லாரியெல்லாம் நிற்கிற முதல் செக்போஸ்ட். நூற்றில் சுமார் 70 பேருக்கு அங்கேயே தங்கிவிடும். அதைத் தாண்டியது நுரையீரலில் மாட்டும்; அது சுமார் 20 பேருக்கு. அதையும் தாண்டினால் மூளை, எலும்பு, சிறுநீரகம் என்று எங்கே வேண்டுமானாலும். அதனால் தங்கச்சிக்கு நெஞ்சையும் சேர்த்து சி.டி. எடுத்தார்கள். நல்லவேளை, நுரையீரல் சுத்தம்.

இன்னொரு விதமான பரவலும் உண்டு. அதுதான் அந்த ஊசி. கட்டிக்குள் இருக்கும் நீர் வயிற்றுக்குள் கசிந்தால், உடம்பு அதை ஏற்காமல் சில நிமிஷங்களில் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பிழைத்தாலும், சிந்திய தலைகள் வயிறு முழுக்க விதைத்த மாதிரி புதுக் கட்டிகளாக முளைக்கலாம். "போயிட்டு வா" என்று சொல்ல இருந்தேன் அல்லவா, அது இந்த இடத்துக்குத்தான்.

இப்போது என் கால் நடுங்கிய கதை.

எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போவோம். சித்தப்பா வீட்டு வேப்பமரத்தடியில் கிடா அறுப்பார்கள். உரித்து, குடலை எடுத்து, ஈரலை வெளியே எடுக்கும்போது சில சமயம் அதில் வெள்ளையாக, கோலிக்குண்டு அளவில், சில நேரம் எலுமிச்சை அளவில் பை ஒட்டியிருக்கும். உள்ளே பளிங்கு மாதிரித் தண்ணி. சித்தப்பா அந்தப் பாகத்தை மட்டும் அரிந்து, "ஏலே, இதைக் கொண்டுபோய் மணிக்குப் போடு" என்று என் கையில் கொடுப்பார். பட்டணத்துப் பையனுக்கு அது பெரிய பதவி. மணி என்னைக் கண்டாலே ஓடி வரும். நான் போடுவேன். அது ஒரே கவ்வு.

அப்போது தங்கச்சிக்கு நடக்கிற வயது. அவளுடைய விளையாட்டுச் சாமான் மணிதான். காதைப் பிடித்து இழுப்பாள், கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவாள், அது அவள் முகத்தை நக்கும். எல்லோரும் சிரிப்போம்.

ஸ்கேன் எதுவும் இல்லாமல், முப்பது வருஷத்துக்கு முன்பே, வெறும் கண்ணால் அந்தக் கட்டியை நான் பார்த்திருக்கிறேன். என் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "ஆட்டுல வர்ற எல்லாத் தண்ணிப்பையும் இது கிடையாது. நீங்க பார்த்தது இதுவாவும் இருக்கலாம். ஆனா, இவங்களுக்கு எப்போ உள்ள போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அஞ்சு வருஷமாவும் இருக்கலாம், இருபது வருஷமாவும் இருக்கலாம். இப்பவும் வீட்டுல நாய் இருக்கு, ஆடு இருக்கு, அறுக்குறீங்க, போடுறீங்க. பழசை விட்டுட்டு அதைப் பாருங்க" என்றார். பிறகு, "வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, ஒருதடவை ஸ்கேன் பார்த்துடலாம்" என்றார்.

"ஒட்டிக்குமா டாக்டர்?"

"ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டாது. ஆனா எல்லாரும் ஒரே வாசல்லதானே உக்காந்திருக்கீங்க?"

ஸ்கேனைத் தூக்கிக்கொண்டு ஜனங்களைத் தேடிப் போவது இந்த நோய்க்குப் புதிது இல்லை என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கென்யாவின் வடமேற்கில் துர்கானா என்று ஒரு மக்கள். ஆடு, மாடு, ஒட்டகம் மேய்த்துக்கொண்டு இடம்விட்டு இடம் போகிறவர்கள். நாய்கள் அவர்கள் குடிசைக்குள்ளேயே, குழந்தைகளோடு குழந்தையாக இருக்கும். உலகத்திலேயே இந்த நோய் மிக அதிகமாக இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. 1980-களில் அங்கே கையோடு தூக்கிப் போகிற ஸ்கேன் கருவியைக் கொண்டுபோய், அவர்கள் தங்கியிருந்த இடத்திலேயே படுக்கவைத்துப் பார்த்தார்கள். ரத்தப் பரிசோதனையை நம்புவதைவிட இதுவே மேல் என்று 1987-ல் கட்டுரையே வந்தது. கட்டி இருந்தும் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வருகிறவர்கள் உண்டு. படத்தில் வட்டம் தெரிந்துவிடும்.

படத்தில் தெரிந்தால் மட்டும் போதுமா? என்ன வட்டம் என்று படிக்கத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் அட்டவணை போட்டவர் துனீசியா நாட்டு டாக்டர் ஹஸன் கார்பி. 1981-ல், ஈரல் கட்டிகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்து ஐந்து வகையாகப் பிரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதைத் திருத்தி, 2003-ல் வெளியிட்டது. இன்றைக்கும் டாக்டர்கள் பார்ப்பது அதைத்தான்.

என்னைப் போன்ற காமர்ஸ்காரனுக்கு அது சுலபமாகப் புரிந்தது. முதல் இரண்டு வகை நடப்புக் கணக்கு. கட்டி உயிரோடு இருக்கிறது. முதலாவதில் தெளிந்த நீர், இரட்டைக் கோடு. இரண்டாவதில் கட்டிக்குள் குட்டிக் கட்டிகள், தேன்கூடு மாதிரி. மூன்றாவது, சஸ்பென்ஸ் அக்கவுண்ட். உள்சவ்வு கழன்று நீரில் அல்லி இலை மாதிரி மிதக்கும். எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. நாலும் ஐந்தும் முடிந்த கணக்கு. உள்ளே நூல்கண்டு சுற்றின மாதிரி கெட்டியாகி, கடைசியில் சுற்றிலும் சுண்ணாம்பு படிந்து கல்லாகிவிடும். நடப்புக் கணக்குக்கு வைத்தியம் உண்டு. முடிந்த கணக்கை யாரும் தோண்டக் கூடாது. அவ்வப்போது ஸ்கேனில் பார்த்துக்கொண்டால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா, சித்தி, தங்கச்சியின் மாப்பிள்ளை, ஒன்பது வயசுப் பையன் எல்லோரும் வேன் பிடித்து வந்து இறங்கினார்கள். நானும் படுத்துக்கொண்டேன். சித்தி, மாப்பிள்ளை, பையன், நான், நால்வருக்கும் ஒன்றும் இல்லை. சித்தப்பாவின் ஈரலில் ஒரு வட்டம் தெரிந்தது. பளீரென்று வெள்ளையாக, ஓரமெல்லாம் சுண்ணாம்பு.

எழுபத்து நாலு வயசு மனுஷர், எழுந்து உட்கார்ந்து சட்டைப் பித்தானை மாட்டிக்கொண்டே என்னிடம் தாழ்ந்த குரலில், "இருபது உருப்படியை வித்துட்டேன்ப்பா. பணம் மடியிலதான் இருக்கு. எனக்கு எதுவும் பண்ண வேண்டாம், புள்ளைக்குப் பாரு" என்றார்.

"ஐயா, உங்களுக்குப் பண்றதுக்கே ஒண்ணும் இல்ல. உங்க கட்டி எப்பவோ செத்துப்போச்சு" என்றார் டாக்டர்.

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அதை உள்ள வச்சிட்டு நான் இத்தனை வருஷம் கிடை கிடையா அலைஞ்சிருக்கேனா!" என்றார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தங்கச்சிக்கு இருந்தது முதல் வகை. நடப்புக் கணக்கு. வைத்தியம் என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். ஊசிதான்! போன வாரம் எதைச் செய்யாதே என்று தடுத்தோமோ, அதேதான். ஆனால், செய்யும் விதம் வேறு. குத்து, உறிஞ்சு, மருந்து ஊற்று, மறுபடி உறிஞ்சு. 1986 வாக்கில் இதைக் கொண்டுவந்தவர்களும் துனீசியாக்காரர்களே. அல்பெண்டசோல் மாத்திரையைச் சில நாள் முன்பே ஆரம்பித்தார்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட்டால்தான் அது உடம்பில் சேருமாம். எண்ணெயைக் குறைக்கச் சொல்லாத டாக்டரை என் வாழ்க்கையில் முதல்முதலாகப் பார்த்தேன்.

அன்றைக்கு மயக்க மருந்து டாக்டர் பக்கத்திலேயே நின்றார், எதற்கும் தயாராக. ஸ்கேன் திரையில் ஊசியின் முனை ஈரல் வழியாகக் கட்டிக்குள் நுழைவதைப் பார்த்துக்கொண்டே செலுத்துவார்களாம். வந்த நீரில் பித்தம் கலந்திருக்கிறதா என்று முதலில் சோதித்தார்கள். கலந்திருந்தால் பித்தக்குழாயோடு தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம். மருந்து ஊற்றவே கூடாது. கலக்கவில்லை. பிறகு, புழுத் தலைகளைக் கொல்லும் கெட்டியான உப்புநீர். கால்மணி நேரம் காத்திருப்பு. மறுபடி உறிஞ்சல்.

நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா பேசவே இல்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "மணி நல்ல நாய்ப்பா" என்றார். நான், "ஆமா சித்தப்பா" என்றேன். வேறு என்ன சொல்ல?

டாக்டர் வெளியே வந்து சின்னக் குப்பியைக் காட்டினார். இளநீர் மாதிரித் தெளிவாக இருந்தது. தங்கச்சி நன்றாக இருந்தாள். மாத்திரை மேலும் ஒரு மாசம். ஆறு மாசம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே சுருங்கி, உள்ளே கெட்டியாக ஆரம்பித்திருந்தது. வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மட்டன் சாப்பிடுவதால் இது வராது. ஈரல் வறுவல் சாப்பிட்டாலும் வராது. நாயைத் தெருவில் விரட்டவும் வேண்டாம். கால்நடை டாக்டரிடம் கேட்டு நாய்க்குத் தவறாமல் பிராசிகுவான்டல் மாத்திரை கொடுங்கள். சாப்பிடும் முன் கையைக் கழுவுங்கள், கீரையை நாலு தண்ணியில் அலசுங்கள். ஆட்டின் கழிவையும், செத்து விழுந்த ஆட்டையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். அவ்வளவுதான்.

இது போதுமா என்று நினைப்பவர்களுக்கு ஐஸ்லாந்து. 19-ம் நூற்றாண்டில் ஆடும் நாயும் இந்த நோயும் நிறைந்த தேசம் அது. 1863-ல் டென்மார்க்கிலிருந்து ஹரால்ட் கிராபே என்ற விஞ்ஞானி போய் நாய்களைச் சோதித்தார். அடுத்த வருஷமே, நோய் எப்படி வருகிறது, ஈரலை நாய்க்குப் போடாமல் என்ன செய்யவேண்டும் என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அது வீடு வீடாகப் போனது. நீண்ட குளிர்காலத்தில் புத்தகம் வாசிக்கிற ஜனங்கள். வாசித்தார்கள்; வாசித்தபடி செய்தார்கள். பின்னாலேயே சட்டங்கள் வந்தன. 1924-ல் தலைநகர் ரெய்காவிக்கில் நாய் வளர்க்கவே தடை, 1984-ல்தான் தளர்த்தினார்கள். நோய் அந்தத் தேசத்தைவிட்டே போய்விட்டது. ஸ்கேனை விடுங்கள், கிராபே புத்தகம் எழுதியபோது எக்ஸ்ரேகூடக் கிடையாது. அது வர இன்னும் 31 வருஷம் இருந்தது.

இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அதே வேப்பமரத்தடி. மரத்துக்குப் பின்னால் இடுப்பளவு குழி வெட்டி, மூடுவதற்குக் கல்லும் தயாராக வைத்திருந்தார்கள். கழிவெல்லாம் குழிக்குப் போயிற்று. ஆனால், இரண்டு நாயும் அறுக்கிற இடத்தைவிட்டு நகரவே இல்லை. சித்தப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. நல்லதாகக் கொஞ்சம் ஈரலும் குடலும் எடுத்து ஒரு பழைய சட்டியில் போட்டு, மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டச் சொன்னார். முக்கால் மணி நேரம் நன்றாகக் கொதித்தால் நாய்க்குக் கொடுக்கலாம் என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டு வைத்திருக்கிறார்.

தங்கச்சி மகன் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தான். நாய்கள் இரண்டும் சட்டிக்கு முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தன. சித்தப்பா கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்குடா" என்றார், நாய்களிடம்.